அடைவில் ஒரு பெயர்: இணைய அடைவுகளும் இணைப்பின் மதிப்பும்

2017 மார்ச் 17ஆம் நாள் டிமோஸ் என்று அழைக்கப்பட்ட இணைய அடைவு மூடப்பட்டது. தொடங்கப்பட்ட 1998 ஜூன் மாதத்திலிருந்து ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் அது இயங்கியிருந்தது. மூடப்பட்ட வேளையில் அதன் பட்டியலில் 38 லட்சத்துக்கும் மேற்பட்ட இணையதளங்கள் இருந்தன. அவை 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வகைகளின்கீழ், 90 மொழிகளில் அடுக்கப்பட்டிருந்தன. இத்தனையும் ஊதியமில்லாத் தொகுப்பாளர்களின் உழைப்பு. மூடுவிழாவுக்கு நாளிதழ்களில் பெரிய தலைப்பு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை, அந்த அடைவில் தம் தளத்தின் பெயரும் இரண்டு வரி விளக்கமும் இடம்பெற வேண்டும் என்பதற்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உலகெங்கும் இருந்தனர்.

காத்திருந்ததற்குக் காரணம் வாசகர் மட்டுமல்லர். தேடுபொறியின் கண்ணில் படுவதற்கு அந்த ஒரு வரி உதவும் என்ற நம்பிக்கையே பெரிய காரணம். ஒரு தளத்தை நோக்கிப் பிற தளங்களிலிருந்து இணைப்புகளைச் சேர்க்கும் வேலை, 'லிங்க் பில்டிங்' என்ற பெயரில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. அத்தொழிலின் அரிச்சுவடி, அடைவுகளில் பெயர் பதிவதுதான். அது பயனுள்ள வேலையா, வீண் வேலையா என்ற கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது. இக்கேள்வியை எந்த ஆண்டில் கேட்டாலும் ஒரே விடை கிடைக்கும் என்று எண்ணுவதுதான் பிழை. 1996இல் ஒரு விடை, 2001இல் வேறொரு விடை, 2012இல் முற்றிலும் மாறான விடை. ஆகவே இதைத் தொழில்நுட்பக் கேள்வியாகக் கருதுவதைவிட வரலாற்றுக் கேள்வியாகக் கருதுவதே பொருந்தும்.

அடைவு என்ற சொல் தமிழ் ஆய்வுலகத்துக்குப் புதியதன்று. நூலடைவு, சொல்லடைவு ஆகியன நாள்தோறும் புழங்கும் சொற்கள். இணையத்தின் முதல் அடைவும் ஓர் ஆய்வு நிறுவனத்திலிருந்தே வந்தது. 1991இல் ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ தொடங்கிய மெய்ந்நிகர் நூலகம், ஒவ்வொரு துறைக்கும் அத்துறை அறிந்த ஒருவர் தாமே முன்வந்து பட்டியலைப் பேணும் முறையில் அமைந்தது. 1994இன் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இரு முனைவர்பட்ட மாணவர்கள், ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும், தமக்குப் பிடித்த தளங்களைப் பட்டியலிட்டு அதற்குத் தம் பெயர்களையே சூட்டினர். அவ்வாண்டிலேயே அது யாகூ என்று பெயர் மாறியது. 1995 மார்ச்சில் நிறுவனமாயிற்று. ஆய்வேட்டை எழுதாமல் தள்ளிப்போடுவதற்கு உலகம் அறிந்த மிகப் பெரிய சாக்கு இதுவாகத்தான் இருக்கும்.

யாகூவின் வகைப்பாட்டைக் கட்டியெழுப்பும் பொறுப்பு சிரினிஜா சீனிவாசனிடம் ஒப்படைக்கப்பட்டது. நிறுவனத்தின் தொடக்ககால ஊழியர்களுள் ஒருவரான அவர், அதற்கு முன் மனித அறிவின் பொதுக் கருத்துகளைக் கணினிக்குப் புரியும் வடிவில் எழுதிவைக்க முயன்ற சைக் என்ற திட்டத்தில் பணியாற்றியவர். உலகில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரு மரவடிவ அட்டவணையில் இடம் ஒதுக்குவது அவர் குழுவின் வேலை. திவாகரம் முதலிய நிகண்டுகளைப் பயின்றவர்களுக்கு இந்த வேலையின் சாயல் எளிதில் விளங்கும். தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று பன்னிரண்டு தொகுதிகளாக உலகைப் பகுத்துக்கொண்டு சொற்களை அவற்றுள் அமர்த்தியவை அவை. ஒரு சொல் எங்கே இருக்கிறது என்று அறிய, அந்தப் பகுப்பு முழுவதும் மனத்தில் பதிந்திருக்க வேண்டும். அகரவரிசை அகராதி வந்தபின் அந்தத் தேவை குறைந்தது. சொல்லின் முதலெழுத்து தெரிந்தால் போதும் என்றாயிற்று. இணைய அடைவிலிருந்து தேடுபொறிக்கு நிகழ்ந்த பெயர்ச்சியும் பெரிதும் இத்தகையதே. ஒப்புமையை இதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும். நிகண்டை மனப்பாடம் செய்தவர் உண்டு. யாகூவை மனப்பாடம் செய்தவர் எவரும் இலர்.

மரவடிவப் பகுப்புக்கு உள்ளிருந்தே ஒரு நோய் உண்டு. தஞ்சாவூர் வீணை செய்வோரின் தளத்தை இசையில் வைப்பதா, கைவினையில் வைப்பதா, ஊர்ப் பெயரின்கீழ் வைப்பதா? சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றிய எஸ்.ஆர்.ரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டபோது எதிர்கொண்டதும் ஏறக்குறைய இதே சிக்கலைத்தான். ஒரு பொருளுக்குப் பல முகங்கள் உண்டு என்று கொண்டு, அம்முகங்களைச் சேர்த்துக் குறியீடு அமைத்தார் அவர். யாகூவோ மரத்தை விடவில்லை. வகைப் பெயருக்குப் பின்னால் ஒரு குறியை இட்டு, 'இதன் உண்மையான இடம் வேறு கிளையில் உள்ளது' என்று கைகாட்டியது. மின்வெளியில் ஒரு தளம் ஒரே நேரத்தில் ஆயிரம் தட்டுகளில் இருக்க முடியும் என்னும்போது 'உண்மையான இடம்' என்ற கருத்துக்கே பொருளில்லை. நூலகத் தட்டின் பழக்கம் எளிதில் விடவில்லை போலும்.

இந்த முதற்காலத்தில் அடைவில் இடம்பெறுவதன் பயன் ஐயத்துக்கு இடமற்றது. அன்றைய தேடுபொறிகள் பக்கத்தில் உள்ள சொற்களை எண்ணித் தரம் பிரித்தன, ஆகவே ஏமாறின. மக்கள் யாகூவின் முகப்பிலிருந்து படிப்படியாக இறங்கி வந்தே தளங்களைக் கண்டனர். அடைவிலுள்ள இணைப்பின் மதிப்பு, அதன்வழி நடந்து வந்தவர்களின் எண்ணிக்கை. கணக்கு அவ்வளவே. விண்ணப்பங்கள் குவிந்தன, படித்துப் பார்க்க ஆள் போதவில்லை. 1999இல் யாகூ வணிகத் தளங்களுக்கு 199 டாலர் கட்டணத்தில் விரைவுப் பரிசீலனையை அறிமுகப்படுத்தியது. பின்னர் அது ஆண்டுக்கு 299 டாலர் ஆயிற்று. இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது: பணம் பரிசீலனைக்கே தவிர இடத்துக்கு அன்று. பணத்தைப் பெற்றுக்கொண்டு தளத்தை மறுக்கவும் யாகூவுக்கு உரிமை இருந்தது. பின்னாளில் முளைத்த பல்லாயிரம் போலி அடைவுகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு விதியில் அடங்கியிருக்கிறது.

1998இல் செர்ஜி பிரின், லாரி பேஜ் இருவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இணைப்பின் பொருளையே மாற்றியது. அவர்களும் ஸ்டான்ஃபோர்டின் ஆய்வு மாணவர்கள்தாம். பேஜ்ரேங்க் எனப்பட்ட அவர்களுடைய முறைக்கு மூல உருவகம் கல்வியுலகின் மேற்கோள். யூஜின் கார்ஃபீல்டு 1955இல் முன்மொழிந்து 1960களில் நடைமுறைப்படுத்திய அறிவியல் மேற்கோள் அடைவு, ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்பதை எண்ணத்தக்க பொருளாக்கியிருந்தது. இணைப்பும் ஒருவகை மேற்கோளே என்று கொண்டது பேஜ்ரேங்க். எல்லா மேற்கோளும் ஒரே எடையுடையன அல்ல. மதிப்புள்ள பக்கத்திலிருந்து வரும் இணைப்புக்கு மதிப்பு மிகுதி. ஒரு பக்கம் எத்தனை இணைப்புகளை வெளியே தருகிறதோ அத்தனை பங்காக அதன் மதிப்பு பிரியும். ஏறத்தாழ அதே காலத்தில் ஜான் கிளைன்பெர்க் உருவாக்கிய மற்றொரு முறை, பக்கங்களை இரு பாத்திரங்களில் வைத்துப் பார்த்தது: நம்பத்தக்க மூலங்கள் ஒருபுறம், அவற்றைச் சுட்டும் மையங்கள் மறுபுறம். நல்ல மையம் நல்ல மூலங்களைச் சுட்டும். நல்ல மூலம் நல்ல மையங்களால் சுட்டப்படும். அடைவு என்பது இந்த இலக்கணத்தின்படி மையத்துக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு.

இவ்வாறு அடைவுக்கு இரண்டாவது வாசகர் வாய்த்தார். முதல் வாசகர் மனிதர். இரண்டாவது வாசகர் எந்திரம். மனித வாசகர் மெல்ல மெல்ல அடைவைக் கைவிட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் எந்திர வாசகரின் பொருட்டு அடைவின் சந்தை மதிப்பு ஏறியது. 2002 அக்டோபரில் யாகூவே தன் தேடல் முடிவுகளில் அடைவைப் பின்னுக்குத் தள்ளி, கூகுளின் முடிவுகளை முன்னிறுத்தியது. பிற அடைவுகளின் கதையும் இவ்வாறே. லுக்ஸ்மார்ட் அடைவு 2002இல் ஒருமுறைக் கட்டணத்தைக் கைவிட்டுச் சொடுக்குக்கு இவ்வளவு என்ற முறைக்கு மாறியது. முன்னரே பணம் செலுத்தியிருந்தவர்கள் கொதித்தெழுந்தனர். 2004 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட்டின் எம்.எஸ்.என். உடனான அதன் உறவு முடிவுற்றதும் அந்த அடைவின் செல்வாக்கு சரிந்தது.

டிமோஸின் கதை சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. யாகூவில் விண்ணப்பங்கள் தேங்கிக் கிடப்பதையும் பழைய இணைப்புகள் செத்துக் கிடப்பதையும் கண்ட ரிச் ஸ்க்ரென்டா, பாப் ட்ரூவல் ஆகிய இரு பொறியாளர்கள் தன்னார்வலர்களைக் கொண்டு ஓர் அடைவை அமைக்க முனைந்தனர். முதலில் இட்ட பெயர் க்னூஹூ. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தாரின் எதிர்ப்பால் அது நியூஹூ ஆயிற்று. 1998ஆம் ஆண்டு முடிவதற்குள் நெட்ஸ்கேப் நிறுவனம் அதனை வாங்கித் திறந்த அடைவுத் திட்டம் என்று பெயரிட்டது. அதன் இணைய முகவரியின் சுருக்கமே டிமோஸ். எவரும் தொகுப்பாளராக விண்ணப்பிக்கலாம். ஒரு சிறு வகையைப் பொறுப்பேற்கலாம். திறமை காட்டினால் பெரிய வகைகள் கிடைக்கும். தொகுத்த தரவு முழுவதும், மூலத்தைச் சுட்டினால் போதும் என்ற நிபந்தனையுடன் எவருக்கும் இலவசம். விக்கிப்பீடியா தோன்றுவதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முந்தைய ஏற்பாடு இது.

தரவு இலவசம் என்பதில்தான் இணைப்புத் திரட்டுவோரின் ஆசை மையம் கொண்டது. கூகுளே 2000 முதல் 2011 வரை டிமோஸின் தரவைத் தன் அடைவாக வெளியிட்டு, தளங்களைப் பேஜ்ரேங்க் வரிசையில் அடுக்கிக் காட்டியது. பெரிய நிறுவனங்கள் பலவும் சிறு தளங்கள் எண்ணற்றவையும் அதே தரவைப் படியெடுத்தன. டிமோஸில் ஒருமுறை பெயர் ஏறினால் அது நூற்றுக்கணக்கான படிகளில் தானாகவே பெருகும். மேலும், தளத்தின் தேடல் முடிவின்கீழ் வரும் விளக்கமாக டிமோஸ் தொகுப்பாளர் எழுதிய வரியையே கூகுள் சில வேளை எடுத்தாண்டது. தம் தளத்தைப் பற்றிப் பிறர் எழுதிய வரி வேண்டாம் என்போர்க்காக, அதைத் தடுக்கும் ஒரு தனிக் கட்டளைக் குறியையும் 2006இல் தேடுபொறிகள் ஏற்க வேண்டியிருந்தது. ஒரு தன்னார்வலரின் வரிக்கு இருந்த எடை அது.

எடை இருக்கும் இடத்தில் ஐயமும் வரும். தொகுப்பாளர்கள் தம் தளங்களையே சேர்க்கின்றனர், போட்டியாளரின் தளங்களைத் தடுக்கின்றனர், கைமாறாகப் பணம் பெறுகின்றனர் என்ற குற்றச்சாட்டுகள் தொடர்ந்து எழுந்தன. சில தொகுப்பாளர்கள் நீக்கவும்பட்டனர். ஆனால் பெரும்பான்மையோரின் சிக்கல் ஊழல் அன்று, சுமை. தம் ஓய்வு நேரத்தில் பழைய பாய்மரக் கப்பல்களைப் பற்றிய தளங்களைப் பட்டியலிட வந்த ஒருவர், கடன் அட்டை விற்கும் நூறு விண்ணப்பங்களை முதலில் களைய வேண்டியிருந்தது. எந்திர வாசகரின் பொருட்டு வந்தவர்கள், மனித வாசகரின் பொருட்டு வந்தவர்களை மூச்சுமுட்டச் செய்தனர். 2006 அக்டோபரில் வன்பொருள் பழுதால் தொகுப்பு வேலை ஏறத்தாழ இரண்டு மாதங்கள் நின்றது. அடைவு மீண்டது, வேகம் மீளவில்லை.

அடைவுகளின் மீதான நம்பிக்கை வெறும் வணிகர்களின் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது. 2004இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களும் யாகூவைச் சார்ந்த ஒருவரும் சேர்ந்து வெளியிட்ட டிரஸ்ட்ரேங்க் என்ற கட்டுரை, எரிதப் பக்கங்களை இனங்காண்பதற்கு நம்பகமான சில தளங்களை வித்தாகக் கொள்ளும் முறையை முன்வைத்தது. வித்துகளைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்கள் இட்ட வடிகட்டிகளுள் ஒன்று, பெரிய இணைய அடைவுகளில் எதிலும் இடம்பெறாத தளங்களை ஒதுக்குவது. எஞ்சியவற்றுள் 1,250 தளங்களை மனிதக் கண்ணால் ஆராய்ந்து, இறுதியில் 178 தளங்களை மட்டும் ஏற்றனர். அடைவில் பெயர் இருப்பது நம்பகத்துக்குப் போதுமான சான்று அன்று. ஆனால் தொடக்கச் சான்று என்று அன்றைய ஆய்வுலகம் ஒப்புக்கொண்டது என்பதே இதன் பொருள். ஒரு மனிதர் பார்த்தார், மறுக்கக்கூடிய நிலையில் இருந்தும் மறுக்கவில்லை: அச்சான்றின் உள்ளடக்கம் இதுவே.

இந்த உள்ளடக்கத்தை அகற்றிவிட்டு வடிவத்தை மட்டும் விற்றதுதான் அடுத்த கட்டம். 2000 டிசம்பரில் கூகுள் தன் உலாவிக் கருவிப்பட்டையில் ஒவ்வொரு பக்கத்தின் பேஜ்ரேங்கையும் 0 முதல் 10 வரையான எண்ணாகக் காட்டத் தொடங்கியது. அதுவரை பொறியின் உள்ளறையில் இருந்த அளவு, விலைச்சீட்டாகத் தெருவுக்கு வந்தது. சில டாலர்களுக்குக் கிடைத்த ஆயத்த நிரல்களைக் கொண்டு ஒரே நாளில் ஓர் அடைவைத் திறந்துவிடலாம். அதன் முகப்புக்கு எவ்வாறேனும் 5 அல்லது 6 என்ற எண்ணை ஈட்டிவிட்டால் இடம் விற்கலாம். இந்தியாவில் இது ஒரு வேலைவாய்ப்பாகவே ஆயிற்று. நூறு அடைவுகளில் பதிவு, ஐந்நூறு அடைவுகளில் பதிவு என்று கட்டுக்கட்டாக விற்கப்பட்ட சேவைகளுக்குப் பின்னால், படிப்பை முடித்த இளைஞர்கள் அதே தலைப்பையும் அதே விளக்கத்தையும் படிவம் படிவமாக ஒட்டிக்கொண்டிருந்தனர். மாலையில் எண்ணிக்கையை எக்செல் தாளில் ஒப்படைப்பர். அப்பதிவுகளை எவரேனும் படிப்பர் என்ற எண்ணம் விற்றவருக்கும் இல்லை, வாங்கியவருக்கும் இல்லை, தட்டச்சு செய்தவருக்கும் இல்லை.

விற்கப்பட்ட பண்டத்தின் உண்மை மதிப்பைப் பேஜ்ரேங்கின் சொந்தக் கணக்கைக் கொண்டே அளக்கலாம். முகப்பின் எண் உயர்ந்ததாக இருக்கட்டும். வாங்கியவரின் இணைப்பு முகப்பில் இல்லை. மூன்று படி உள்ளே இருக்கிறது. முகப்பு 16 பெரும்பிரிவுகளைச் சுட்டுகிறது, ஒவ்வொரு பெரும்பிரிவும் 20 உட்பிரிவுகளைச் சுட்டுகிறது, ஒவ்வோர் உட்பிரிவிலும் 50 தளங்கள் உள்ளன என்று கொள்வோம். மூலக் கட்டுரை கூறும் 0.85 என்ற தேய்மான எண்ணை ஒவ்வொரு படியிலும் பெருக்கினால், முகப்பின் மதிப்பில் ஏறத்தாழ 26,000இல் ஒரு பங்கே அந்த இணைப்பின்வழி வந்து சேரும். உட்பக்கங்களுக்கு வெளியிலிருந்து வேறு இணைப்புகள் வந்தால் கணக்கு மாறும். டிமோஸின் உட்பக்கங்களுக்கு அவ்வாறு வந்தன. வாசகர் அவற்றைப் பயன்படுத்தினர், பிற தளங்கள் சுட்டின. நேற்றுத் திறந்த அடைவின் உட்பக்கத்தைச் சுட்ட எவருக்கும் காரணமில்லை. தேடுபொறி தண்டிக்கத் தொடங்கும் முன்னரே, தண்டனை ஏதும் இல்லாத நிலையிலேயே, அப்பண்டம் காசுக்குப் பெறாதது. இக்கணக்கைப் போட்டுப் பார்க்கத் தேவையான கட்டுரை 1998 முதல் எவரும் படிக்கத்தக்கதாக இருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இணைப்பு விற்பனை நீதிமன்றத்தையும் எட்டியது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தைச் சார்ந்த சர்ச்கிங் நிறுவனம், பேஜ்ரேங்க் உயர்ந்த தளங்களில் இணைப்புக்கு இடம் வாங்கித் தரும் தரகு வேலையைத் தொடங்கியிருந்தது. 2002இல் அதன் பேஜ்ரேங்க் திடீரெனச் சரிந்தது. கூகுள் வேண்டுமென்றே குறைத்தது என்று அவ்வாண்டு அக்டோபரில் வழக்குத் தொடுக்கப்பட்டது. வேண்டுமென்றே குறைத்ததைக் கூகுள் மறுக்கவில்லை. அது தன் கருத்து, கருத்துரிமைக்கு உட்பட்டது என்று வாதிட்டது. 2003 மே மாதம் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்று வழக்கைத் தள்ளுபடி செய்தது. கணிதத்தின் நடுநிலை முடிவு என்று மக்கள் எண்ணியிருந்த ஓர் எண், சட்டத்தின் கண்ணில் ஒரு நிறுவனத்தின் அபிப்பிராயமாக நிலைபெற்றது. இணைப்பின் மதிப்பைப் பேசும் எவரும் இத்தீர்ப்பைக் கடந்து செல்ல முடியாது. அடைவுகளில் முதலீடு செய்தவர்கள் எந்த மண்ணின் மேல் கட்டிக்கொண்டிருந்தனர் என்பதை அது காட்டிவிட்டது. பெரும்பாலோர் பார்க்கவில்லை.

பார்க்காததற்குக் கூகுளின் சொந்தச் சொல்லும் ஒரு காரணம். தளம் நடத்துவோர்க்கான அதன் வழிகாட்டியில், யாகூ, டிமோஸ் போன்ற அடைவுகளில் தளத்தைப் பதிவு செய்யுமாறு அறிவுரை இருந்தது. 2008இல் அவ்வரி ஓசையின்றி நீக்கப்பட்டது. 2012 ஏப்ரல் 24 அன்று பென்குயின் என்ற பெயரில் வந்த மாற்றம், செயற்கையாகத் திரட்டிய இணைப்புகளைக் கொண்ட தளங்களைத் தேடல் முடிவுகளில் கீழே தள்ளியது. நேற்றுவரை சொத்தாகக் கணக்கிடப்பட்டவை ஒரே இரவில் கடனாயின. முன்பு பணம் கொடுத்து ஏற்றிய பெயரை இப்போது எடுத்துவிடுமாறு அடைவுக்காரர்களுக்குக் கடிதம் எழுதினர். எடுப்பதற்கும் கட்டணம் கேட்ட அடைவுகள் உண்டு. அவ்வாண்டு அக்டோபரில், 'இந்த இணைப்புகளைக் கணக்கில் கொள்ள வேண்டாம்' என்று தளத்தாரே அறிவிக்கும் கருவி ஒன்றைக் கூகுள் வழங்கியது. 2016 செப்டம்பரில் பென்குயின் முறை தேடலின் மையப் பொறியிலேயே கலந்தபின், இத்தகைய இணைப்புகள் பெரும்பாலும் தண்டிக்கப்படுவதில்லை, எண்ணப்படுவதே இல்லை. பேஜ்ரேங்க் எண்ணைப் பொதுமக்களுக்குக் காட்டுவதும் அதே ஆண்டில் நின்றது. யாகூ அடைவு அதற்கு முன்பே, 2014 டிசம்பர் இறுதியில், மூடப்பட்டிருந்தது.

ஆகவே இணைப்புக்காக அடைவு என்னும் கணக்கு இன்று தேறாது. தரம் குறைந்த அடைவு இணைப்புகளைக் கூகுள் தன் எரிதக் கொள்கையிலேயே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் இதிலிருந்து அடைவு என்ற வடிவமே பயனற்றது என்ற முடிவுக்குத் தாவுவது தவறு. 1996இல் மும்பையில் தொலைபேசிவழித் தகவல் சேவையாகத் தொடங்கிய ஜஸ்ட் டயலும், அதே ஆண்டில் இந்திய உற்பத்தியாளர்களின் பட்டியலாகத் தொடங்கிய இந்தியாமார்ட்டும் அடைவின் மரபில் வந்தவையே. கோயம்புத்தூரில் நீரேற்றி செய்யும் ஒரு சிறு பட்டறைக்கு இந்தியாமார்ட்டில் இருக்கும் பதிவின் பயன் தேடுபொறி தரும் வாக்கில் இல்லை. நாக்பூரிலிருந்து அழைக்கும் ஒரு வாங்குநரிடம் இருக்கிறது. கட்டணம் உண்டா இல்லையா என்பதும் உரைகல் அன்று; யாகூ கட்டணம் பெற்றும் மதிக்கப்பட்டது, இலவச அடைவுகள் பல குப்பையாயின. தேடுபொறியே இல்லாத உலகிலும் இந்த அடைவுக்கு வாசகர் வருவரா, இதில் மறுக்கப்பட்ட விண்ணப்பம் ஒன்றேனும் உண்டா: இவ்விரு வினாக்களும் 1999இன் யாகூவுக்கும் பொருந்தும், இன்றைய துறைசார் பட்டியலுக்கும் பொருந்தும்.

கல்வியுலகத்தினர் இவ்வரலாற்றைப் பிறர் கதையாகப் படிக்க இயலாது. மேற்கோளிலிருந்து கடன் வாங்கிய உருவகம், வட்டிக்கு மேல் வட்டியுடன் மேற்கோளின் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. ஆய்விதழ்களின் முகப்பில் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும் 'இன்ன அடைவில் இடம்பெற்றது' என்ற சின்னங்களில் எத்தனை, விண்ணப்பித்த எவரையும் மறுக்காத அடைவுகளுடையவை என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும். பல்கலைக்கழக மானியக் குழு ஏற்றுக்கொண்ட இதழ்களின் பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. அவ்விதழ்களில் கட்டுரை வெளியிட்டவர்களின் நிலை, பென்குயினுக்கு மறுநாள் கண்விழித்த தள உரிமையாளர்களின் நிலையை ஒத்தது. ஒரு வேறுபாடு உண்டு: கட்டுரையைத் 'கணக்கில் கொள்ள வேண்டாம்' என்று அறிவிக்க ஆய்வாளருக்குக் கருவி ஏதும் இல்லை. அதன்பின் உருவாக்கப்பட்ட கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டு, இதழின் தரத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பு நிறுவனங்களிடமே விடப்பட்டது. இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 2003இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 300 இதழ்களுடன் தொடங்கிய திறந்த அணுக்க இதழ்களின் அடைவு, 2014இல் விதிகளை இறுக்கி, இடம்பெற்றிருந்த இதழ்கள் அனைத்தும் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும் என்றது. விண்ணப்பிக்காத ஏறத்தாழ 3,300 இதழ்களை 2016இல் நீக்கியது. தன் பட்டியல் சுருங்குவதற்கு அஞ்சாத அடைவு என்பதால்தான் அதில் இடம்பெற்றிருப்பது இன்னும் ஒரு செய்தியாக இருக்கிறது.

டிமோஸின் எச்சம் எதிர்பாராத ஓர் இடத்தில் வாழ்ந்தது. மனிதர் கையால் வகைப்படுத்திய லட்சக்கணக்கான பக்கங்கள் வேறெங்கும் இலவசமாகக் கிடைக்காத காரணத்தால், உரைகளைத் தாமாக வகைப்படுத்தக் கணினிக்குக் கற்பிக்கும் ஆய்வுகளுக்கு அத்தரவு நெடுங்காலம் உரைகல்லாகப் பயன்பட்டது. 2010 முதல் நடந்த பெருந்திரள் படிநிலை உரை வகைப்பாட்டுப் போட்டிகளிலும் அது பயிற்சித் தரவாக இருந்தது. பாய்மரக் கப்பல் தளங்களைப் பட்டியலிட்டவர் அறியாமலே, பிற்காலத்தில் தம் வேலையைச் செய்யப்போகும் எந்திரத்துக்குப் பாடம் எழுதிக்கொண்டிருந்தார்.

பழைய தொகுப்பாளர்களில் சிலர் 2018இல் அத்தரவின் மேல் கர்லி என்ற புதிய அடைவைத் திறந்தனர். தளத்தைப் பரிந்துரைக்கக் கட்டணமில்லை; எவ்வளவு நாளில் பார்க்கப்படும் என்ற உறுதியும் இல்லை. தேடல் தரத்தை உயர்த்தும் என்று எவரும் அதில் இடம் கேட்பது இப்போது அரிது. பட்டியலைப் பேணுவோர் செத்த இணைப்புகளைக் களைந்துகொண்டிருக்கின்றனர்.